35,000 ரூபாய்க்கு 30 ஹார்ஸ்பவர்: ரீமேப் பண்ணா இன்ஜின் ஆயுள் குறையுமா? குறைஞ்சா பில் யார் பேர்ல வரும்?

35,000 ரூபாய். ரெண்டு மணி நேர வேலை. பல கார்களில் பானெட்டைக்கூட திறக்க வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி போர்ட்ல ஒரு கேபிள், அந்தப் பக்கம் ஒரு லேப்டாப், அவ்வளவுதான். உள்ளே போன அதே கார், அதே இன்ஜின், வெளியே வரும்போது 25-30 ஹார்ஸ்பவர் கூடுதலோட வரும். கேட்கும்போதே கை பரபரக்குதுல்ல?

டர்போ பெட்ரோல் காரோ டர்போ டீசல் காரோ வாங்கி ஆறு மாசம் ஓட்டின யாருக்கும் இந்த ஆசை ஒரு முறையாவது வரும். வந்ததும் அடுத்த கேள்வி, "இன்ஜின் ஆயுள் குறையுமா?" டியூனிங் கடைக்காரர் "சேஃப் மேப் சார், ஒண்ணும் ஆகாது"ம்பார். சர்வீஸ் சென்டர் அட்வைசர் "அதைத் தொடவே தொடாதீங்க"ம்பார். ரெண்டு பேருக்குமே உங்க முடிவுல காசு இருக்கு. அதனால ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே எடுத்துக்க முடியாது.

நான் மெக்கானிக் இல்ல, ஆடிட்டர். ஆனா இந்தக் கேள்வியில பாதி இன்ஜினியரிங், பாதி கணக்கு. இன்ஜினியரிங் பாதியை யூட்யூப்ல நிறைய பேர் பேசிட்டாங்க. கணக்குப் பாதியைத்தான் யாரும் பேசுறதில்ல. ரெண்டையும் பார்ப்போம்.

கம்பெனி ஏன் அந்த பவரை நமக்குத் தரல?

இன்ஜின்ல எவ்வளவு காத்து, எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில தீப்பொறி, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கணும் எல்லாத்தையும் முடிவு பண்றது ஈசியு எனும் கம்ப்யூட்டர். அதுக்குள்ள இருக்கிற அட்டவணைகளுக்குத்தான் மேப்னு பேர். ரீமேப்ல அந்த எண்களை மாத்தறாங்க. டர்போ அழுத்தம் கொஞ்சம் ஏறும், அதுக்குத் தக்க எரிபொருள் ஏறும், பெட்ரோல்னா இக்னிஷன் டைமிங்கும் மாறும். ஸ்டேஜ் 1-னு சொல்றது இதைத்தான். பார்ட்ஸ் எதுவும் மாறாது, சாஃப்ட்வேர் மட்டும் மாறும்.

(உங்க கார்ல டர்போ இல்லன்னா, அதாவது சாதாரண 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட், பலேனோ மாதிரின்னா, இந்த ஆசையை இங்கேயே விட்டுடுங்க. காத்தை கூடுதலா அழுத்த ஆள் இல்லாத இன்ஜின்ல சாஃப்ட்வேரை மாத்தி பெருசா ஒண்ணும் கிடைக்காது. காசு மட்டும் போகும்.)

சரி, சாஃப்ட்வேர் மாத்தினாலே 25 சதவீதம் பவர் வருதுன்னா கம்பெனி ஏன் அதை விட்டு வெச்சது? ஏன்னா அதே கார் மே மாசம் 42 டிகிரி வேலூர் வெயில்லயும் ஓடணும், ஊட்டி ஏத்தத்துல அஞ்சு பேரோட ஏசி போட்டும் ஏறணும். ஏதோ ஒரு பங்க்ல தரமில்லாத பெட்ரோல் போட்டாலும், ஓனர் ஆயில் மாத்தறதை ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போட்டாலும் தாங்கணும். புகை விதிகளுக்கு உட்பட்டும் இருக்கணும். இதுக்கெல்லாம் சேர்த்து கம்பெனி ஒரு இடைவெளி விட்டு வெச்சிருக்கு.

நம்ம பாஷையில சொன்னா அது இன்ஜினோட எமர்ஜென்சி ஃபண்ட். ஆறு மாச செலவுக்கான பணம் பேங்க்ல சும்மா தூங்குதுன்னு நினைச்சு அதை எடுத்து ஷேர்ல போட்டா முதல் மூணு மாசம் ஒண்ணும் ஆகாது, லாபம்கூட வரலாம். வேலை போகாத வரைக்கும் அந்த ஃபண்ட் தேவையே இல்லாத மாதிரிதான் தெரியும். ரீமேப் பண்றவர் உங்க இன்ஜினுக்கு புதுசா பலம் எதுவும் கொடுக்கல. சும்மா இருந்த இருப்புல கை வைக்கிறார். நல்ல டியூனர் அதுல கொஞ்சம் எடுப்பார், மோசமான டியூனர் வழிச்சு எடுத்துடுவார்.

"ஒரே இன்ஜினை ஒரு கார்ல கம்மி பவர்ல விக்கிறாங்க, இன்னொரு கார்ல அதிக பவர்ல விக்கிறாங்களே"ன்னு ஒரு வாதம் இருக்கு. நியாயமான வாதம்தான், பாதி வரைக்கும். நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் மாருதியோட 1.3 டீசல், ஃபியட் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட்ல 75 பிஎஸ், எர்டிகாவிலயும் சியாஸ்லயும் 90 பிஎஸ். அதே 1,248 சிசி. ஆனா 90 பிஎஸ் வண்டியில இருந்தது வேற டர்போ, வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ. சாஃப்ட்வேர்ல நாலு எண்ணை மாத்தி மட்டும் அந்த 15 பிஎஸ் வரல. "உங்க ஸ்விஃப்ட்டை எர்டிகா பவருக்கு ஏத்திடலாம்"னு சொல்றவர் இந்தத் தகவலை மட்டும் மறந்துடுவார்.

முதல்ல போறது இன்ஜினே இல்ல

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். கேள்வி "இன்ஜின் ஆயுள்"னு வருது, ஆனா கூடுதல் டார்க் முதல்ல கடிக்கிறது பெரும்பாலும் கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும்தான்.

ஒரு நல்ல உதாரணம் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ. இன்ஜின் தர்ற டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதோட வர்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, டிக்யூ200-னு பேர், ட்ரை கிளட்ச் வகை. அந்த கியர்பாக்ஸுக்கு அதைத் தயாரிச்சவங்களே போட்ட உச்ச வரம்பும் 250 நியூட்டன் மீட்டர்தான். அதாவது ஷோரூம்ல இருந்து வரும்போதே சட்டி விளிம்பு வரைக்கும் நிரம்பியிருக்கு. அதுக்கு மேல ரீமேப்ல 50, 60 ஊத்தினா எங்க வழியும்னு நீங்களே பாருங்க. அதே இன்ஜின், மேனுவல் கியர்பாக்ஸ்னா கதை கொஞ்சம் வேற. கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும், மாத்தினா சரியாகும், செலவு டிஎஸ்ஜி அளவுக்கு வராது.

அடுத்தது டர்போ. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற பொருள் அது, சூடும் அங்கதான் அதிகம். டீசல்ல எரிபொருளை அள்ளி ஊத்தற மட்டமான மேப் போட்டா எக்ஸாஸ்ட் சூடு ஏறும், கரும்புகை வரும், பிஎஸ்6 வண்டின்னா டிபிஎஃப் அடைச்சுக்கும். அதுக்கு "டிபிஎஃப்-ஐயே தூக்கிடலாம் சார்"னு அதே கடையில அடுத்த ஆஃபர் வரும். அது புகை விதிகளை மீறுற வேலை. அந்த இடத்துல எழுந்து வந்துடுங்க.

சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள்ல இன்னொரு ஆபத்து இருக்கு. குறைஞ்ச ஆர்பிஎம்ல அதிக லோடு கொடுக்கும்போது, தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கிறது. எல்எஸ்பிஐ-னு சொல்வாங்க. பிஸ்டனை உடைக்கிற அளவுக்கு அழுத்தம் வரும். ஃபேக்டரி மேப்லயே இந்தப் பிரச்சனை இருந்ததாலதான் 2018-ல ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல எஸ்பி-ன்னு புது ஆயில் தரங்களே கொண்டு வந்தாங்க. ரீமேப் பண்ண வண்டியில அஞ்சாவது கியர்ல 1,400 ஆர்பிஎம்ல போய்க்கிட்டே ஆக்ஸிலரேட்டரை தரையோட அமுக்குறவங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

இவ்வளவு சொல்லிட்டு மறுபக்கத்தையும் சொல்லணும். ஓஎம்ஆர் டிராஃபிக்ல முதல் கியர், ரெண்டாவது கியர்னு ஊர்ற காருக்கு அந்தக் கூடுதல் பவர் பெரும்பாலும் வேலையே செய்யறதில்ல. மெதுவா போகும்போது ரீமேப் பண்ண இன்ஜினுக்கும் பண்ணாத இன்ஜினுக்கும் தேய்மானத்துல பெரிய வித்தியாசம் இருக்காது. நீங்க முழு பவரையும் கேட்கிற அந்த நொடிகள்லதான் இருப்பு கரையுது. நிதானமான மேப், நல்ல ஆயில், பொறுமையான கால், இது மூணும் சேர்ந்து ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டின ரீமேப் கார்கள் நிஜமாவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. "ரீமேப் பண்ணா இன்ஜின் காலி"ங்கிறது மிகை. "ஒண்ணுமே ஆகாது"ங்கிறது வியாபாரம்.

டியூனர் சொல்றது 100 சதவீதம் உண்மைன்னே வெச்சுக்குவோம்

இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். ஒரு பேச்சுக்கு, ஆயுள் துளிகூட குறையலன்னு வெச்சுக்குவோம். ஃபேக்டரியில இருந்தப்ப கியர்பாக்ஸ் போறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, ரீமேப்புக்கு அப்புறமும் அதே வாய்ப்புதான். அப்பவும் உங்களுக்கு நஷ்டம்.

எப்படின்னு பாருங்க. எந்த கார் கம்பெனியோட ஆண்டறிக்கையையும் எடுத்துப் பார்த்தீங்கன்னா "புரொவிஷன் ஃபார் வாரண்டி"ன்னு ஒரு வரி இருக்கும். வித்த வண்டிகள்ல இத்தனை சதவீதம் பழுதாகி வரும், அதுக்கு இவ்வளவு செலவாகும்னு பழைய அனுபவத்தை வெச்சு கணக்குப் போட்டு, அந்தத் தொகையை இப்பவே செலவா எழுதி ஒதுக்கி வைக்கணும். இண்ட் ஏஎஸ் 37-னு ஒரு கணக்கியல் தரநிலை இதைக் கட்டாயமாக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்? கொஞ்சம் வண்டிகள் பழுதாகும்னு கம்பெனிக்கு முன்னாடியே தெரியும். அந்த ரிஸ்க்கை அவங்க புத்தகத்துல ஏத்திக்கிட்டாங்க. அதுக்கான விலை நீங்க கொடுத்த எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளயே இருக்கு.

ரீமேப் பண்ண அந்த நிமிஷம் இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட ரிஸ்க் அவங்க புத்தகத்துல இருந்து உங்க புத்தகத்துக்கு வந்துடுது. நீங்க ஏற்கனவே காசு கொடுத்து வாங்கின பாதுகாப்பை, மேலே 35,000 கொடுத்து திருப்பிக் கொடுக்கறீங்க. கன்டிஞ்சன்ட் லயபிலிட்டின்னு எங்க ஊர் பாஷை. இன்னிக்குக் கடன் இல்ல, நாளைக்கு ஒரு சம்பவம் நடந்தா கடன். கம்பெனி லட்சக்கணக்கான வண்டியில அந்த ரிஸ்க்கைப் பரப்பி வெச்சிருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு வண்டி.

எண்ணாப் பார்ப்போம். இது எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிற எண்கள், உங்க காருக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. வருஷம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய். ரீமேப்புக்கு அப்புறம் கால் கொஞ்சம் கனமாகும், அது மனுஷ சுபாவம், 13-னு வெச்சுக்குவோம். 857 லிட்டர் போன இடத்துல 923 லிட்டர் போகும், கூடுதலா கிட்டத்தட்ட 6,700 ரூபாய். பல மேப்கள் பிரீமியம் பெட்ரோலுக்குன்னே எழுதப்படுது. லிட்டருக்கு 8 ரூபாய் கூடன்னா இன்னொரு 7,400. ஆயிலை சீக்கிரம் மாத்தணும், வருஷத்துக்கு ஒரு தடவை கூடுதலா 5,000. மொத்தம் வருஷத்துக்கு சுமார் 19,000. வாரண்டி இன்னும் மூணு வருஷம் இருக்குன்னா 57,000, மேப் கூலி 35,000, ஆக 92,000 ரூபாய்.

இது நிச்சயமா ஆகுற செலவு. இன்னொண்ணு, ஆகலாம் ஆகாமலும் போகலாம்ங்கிற செலவு. 2 லட்சம் ரூபாய் கியர்பாக்ஸ் பில், மூணு வருஷத்துல அது வர 100-ல 3 வாய்ப்புன்னு எடுத்துக்கிட்டா, சராசரி நஷ்டம் 6,000 ரூபாய்தான். வாய்ப்பு மூணு மடங்கு ஆனாலும் 18,000. "இவ்வளவுதானா"ன்னு தோணும். ஆனா யாருக்கும் பில் சராசரியில வராது. வந்தா 2 லட்சமா வரும், வரலன்னா பூஜ்யம். கையில 60,000 சேவிங்ஸ் வெச்சிருக்கிறவருக்கு 2 லட்சம் பில் வந்தா, மீதி கிரெடிட் கார்டுல போகும். பல கார்டுகள்ல நிலுவைக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 42. கியர்பாக்ஸ் பழுது அப்படித்தான் கடன் பழுதா மாறுது. டேர்ம் இன்ஷூரன்ஸ் ஏன் எடுக்கணும்னு சேனல்ல சொல்றதுக்கும் இதுக்கும் தர்க்கம் ஒண்ணுதான்.

"ஸ்டாக் மேப்பை திரும்பப் போட்டுட்டு சர்வீஸுக்கு விடுவேன், எப்படித் தெரியும்?" தெரியும். பல ஈசியு-க்கள் எத்தனை முறை எழுதப்பட்டதுன்னு எண்ணி வைக்குது. சாஃப்ட்வேர் ஒப்பீடு பண்ணாலும் மாட்டும். ஃபோக்ஸ்வாகன், ஆடி ஓனர்கள் பயப்படுற "டிடி1" குறி இதுதான். ஒரு முறை கம்பெனி சிஸ்டத்துல விழுந்தா அந்த வண்டி நம்பரோடவே இருக்கும். சென்சார் வயர்ல மாட்டுற டியூனிங் பாக்ஸ் தடயம் இல்லாதது, கழட்டிட்டா போச்சுன்னு விப்பாங்க. அதைக் கழட்டி மறைச்சு வெச்சு வாரண்டி கேட்கிறதுக்கு எங்க தொழில்ல வேற பேர் இருக்கு, பொய்க் கணக்குன்னு. அந்த யோசனையை நான் தர மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைச்சா

பார்த்துக்காது. உங்க காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை ஒரு தடவை திறந்து விலக்குகள் பகுதியைப் படிங்க. தேய்மானமும், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பழுதும் அதுல கிடையாது. விபத்து இல்லாம உடைஞ்ச கியர்பாக்ஸுக்கு ரீமேப் பண்ணாதவருக்கே பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனும் பெரும்பாலும் தண்ணி புகுந்தது, ஆயில் கசிஞ்சது மாதிரி சேதத்துக்குத்தான்.

விபத்து நடந்தா வேற சிக்கல். வண்டியில பண்ண மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லலன்னா, சர்வேயர் அதைக் கண்டுபிடிச்சா, ஓன் டேமேஜ் க்ளெய்ம் இழுபறியாகும், நிராகரிக்கவும் வாய்ப்பிருக்கு. மூணாவது நபருக்கு அடிபட்டா இன்னும் பெருசு. பாலிசி நிபந்தனை மீறின வழக்குகள்ல "முதல்ல பாதிக்கப்பட்டவருக்குக் கொடுங்க, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோங்க"ன்னு கோர்ட் உத்தரவு போடுற வழக்கம் நம்ம நாட்டுல இருக்கு. உயிரிழப்பு, காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு இல்ல. மாற்றம் பண்ணா எழுத்துல தெரிவிச்சு, எழுத்துல பதில் வாங்கிக்கோங்க.

சட்டத்தையும் சுருக்கமா சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கு மாறா ஆர்சி விவரங்கள் மாறுற மாதிரி ஓனர் வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்துச்சு. அது சாஃப்ட்வேர் பத்தின வழக்கு இல்ல, வண்டியோட அமைப்பை மாத்துறது பத்தினது. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ(4)-ன்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். சிக்னல்ல நிறுத்தி யாரும் உங்க மேப்பை செக் பண்ணப் போறதில்ல. ஆனா விபத்து வழக்குல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது நல்ல ஆயுதம்.

லோன் ஓடிக்கிட்டிருந்தா ஒப்பந்தத்தையும் பாருங்க. பேங்க் சம்மதமில்லாம வண்டியை மாத்தக்கூடாதுன்னு அதுல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். ஆபீஸ் வழியா கார் லீஸ் எடுத்தவங்களுக்கு யோசிக்கவே வேண்டாம், அது உங்க காரே இல்ல.

அப்போ யார்தான் பண்ணலாம்?

ஆசையே படக்கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. சம்பாதிக்கிறதே நாலு காரியம் பிடிச்சபடி பண்ணத்தான். வாரண்டி முடிஞ்ச கார், லோன் அடைச்ச கார், மேனுவல் கியர்பாக்ஸ், எமர்ஜென்சி ஃபண்டுக்கு மேல தனியா ஒரு லட்சம், ரெண்டு லட்சம் எஃப்டியில "கார் ரிப்பேர்"னு பேர் எழுதி வெச்சிருக்கீங்க. அப்படின்னா தாராளமா யோசிக்கலாம். அந்த எஃப்டிதான் உங்களோட வாரண்டி புரொவிஷன். மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டைனோ ரிப்போர்ட் கேளுங்க. உச்சபட்ச எண்ணைக் காட்டி மயக்குறவரை விட, "உங்க கிளட்ச்சுக்கு இதுக்கு மேல வேண்டாம்"னு தடுக்கிறவர்கிட்ட போங்க. அப்படி தடுக்கிற டியூனர்கள் இருக்காங்க, கொஞ்சம் தேடணும்.

புது கார், நாலு வருஷ லோன், கையிருப்பு ஒரு மாச சம்பளம். இந்த நிலைமையில இருக்கிறவங்களுக்கு என் பதில் "இப்போ வேண்டாம்". எக்ஸ்டென்டட் வாரண்டி வாங்க நினைச்சிருந்தவங்களுக்கும் அதேதான். ரெண்டையும் சேர்த்துப் பண்றது ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்கற கணக்கு.

கடைசியா ஒரு விஷயம், ரீமேப் பண்ற எண்ணமே இல்லாதவங்களுக்கு. 2022-ல போலோ நின்னு போனதுல இருந்து பழைய போலோ டிஎஸ்ஐ-க்கு செகண்ட்ஸ் மார்க்கெட்ல நல்ல கிராக்கி. அதுல கணிசமான வண்டிகள் ஒரு முறையாவது லேப்டாப் பார்த்தவை. நீங்க வாங்கப்போறது அப்படிப்பட்ட வண்டியா இருந்தா, இருப்பு எவ்வளவு மிச்சம்னு தெரியாமலே வாங்கறீங்க. ஓனர்கிட்ட நேரா கேளுங்க, "ரீமேப் பண்ணீங்களா, எங்க, என்ன மேப்?" பலர் பெருமையாவே சொல்லிடுவாங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டு ஈசியு சாஃப்ட்வேர் வெர்ஷன் ஒரிஜினலோட ஒத்துப்போகுதான்னு பார்க்கச் சொல்லுங்க. மேனுவல்னா நாலாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல இருந்து முழுசா அமுக்கிப் பாருங்க. ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் நழுவுது, அந்தச் செலவை விலையில குறைச்சுக் கேளுங்க. சர்வீஸ் புக்ல ஆயில் மாத்தின தேதிகளுக்கு நடுவுல பெரிய இடைவெளி இருந்து, ஸ்கேன்லயும் சாஃப்ட்வேர் மாறியிருந்தா, விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் அடுத்த வண்டியைப் பாருங்க.